சிக்னலில் ஏறும் முள்

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை டெம்பரேச்சர் முள் நடுவில் அசையாமல் நிற்கிறது. சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றால் மெல்ல மேலே ஏறுகிறது. பச்சை விழுந்து வண்டி நகர்ந்ததும் இறங்கிவிடுகிறது. ரேடியேட்டர் ஃபேன் ஓடாத கார் காட்டும் முதல் அடையாளம் இதுதான். ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிரவைத்துவிடும். நின்ற இடத்தில் காற்றை இழுக்க ஃபேனை விட்டால் வேறு வழியில்லை. ஆகவே நெடுஞ்சாலையில் சூடேறி, ஊருக்குள் ஒழுங்காக ஓடும் வண்டிக்கு ஃபேனைப் பிரிப்பது வீண்வேலை. அங்கே அடைத்துப்போன ரேடியேட்டரையோ, குறைந்த கூலன்ட்டையோ, தேய்ந்த வாட்டர் பம்பையோதான் தேட வேண்டும். எங்கே, எப்போது சூடானது என்று ஓட்டியவரிடம் கேட்டுவிட்டுத்தான் பானட்டைத் திறக்க வேண்டும்.

ஏசி உள்ள வண்டியில் முள் ஏறுவதற்கு முன்பே இன்னொரு அறிகுறி தெரியும். நிற்கும்போது குளிர்ச்சி குறையும், நகர்ந்தால் கூடும். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சருக்கும் பெரும்பாலும் அதே ஃபேன்தான் காற்று இழுக்கிறது. காற்று கிடைக்காவிட்டால் கேஸின் அழுத்தம் ஏறி, பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடும். “சிக்னல்ல மட்டும் ஏசி கூலிங் வரல, கேஸ் ஏத்திடுங்கண்ணே” என்று வரும் வண்டியில் கேஸைத் தொடுவதற்கு முன் ஃபேனைப் பார்ப்பது நல்ல மெக்கானிக்கின் வழக்கம். கத்திரி வெயில் மாதத்தில் இந்த ஒரு பழக்கம் எத்தனையோ பேருடைய கேஸ் செலவை மிச்சப்படுத்தியிருக்கிறது.

அம்பாசடர் காலத்தில் இந்தச் சிக்கலே இல்லை. எஞ்சின் நீளவாக்கில் இருந்தது. அதன் முகப்பிலேயே ஃபேன், அதைச் சுற்ற ஒரு பெல்ட். எஞ்சின் ஓடினால் ஃபேனும் ஓடும். பெல்ட் அறுந்தால் நிற்கும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது எஞ்சின் குறுக்குவாக்கில் திரும்பியது. ரேடியேட்டரை நோக்கி நிற்கும் கப்பி இல்லாமல் போனதால் ஃபேனுக்குத் தனி மின்மோட்டார் வைக்க வேண்டியதாயிற்று. அதன்பின் வந்த சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் இதே அமைப்புதான். பெல்ட் ஒன்று இருந்த இடத்தில் சென்சார், கட்டளை தரும் இசிஎம் (எஞ்சின் கம்ப்யூட்டர்), ரிலே, ஃபியூஸ், ஒயர், எர்த், மோட்டார் என்று ஏழு கண்ணிகள் வந்துவிட்டன. ஏழில் எது அறுந்தாலும் வெளியில் தெரிவது ஒன்றுதான்: ஃபேன் ஓடவில்லை. அதைக் கண்டவுடன் மோட்டாரை விலைக்கு வாங்குவதே இந்தத் தொழிலில் அதிகம் நடக்கும் தவறு. ஏழு பேர் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றும்போது கடைசி ஆளிடம் கல் வரவில்லையென்றால், குறை அவரிடம்தான் என்று சொல்ல முடியாது.

வழியில் முள் சிவப்பைத் தொட்டால் முதல் வேலை ஓரங்கட்டுவது. ஏசியை அணைத்து, ஹீட்டர் உள்ள வண்டியானால் அதை முழுச் சூட்டில் வைத்து ப்ளோயரை வேகமாக ஓடவிட்டால் எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கு அந்த வழியாக வெளியேறும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு வேர்த்துக் கொட்டும். ஆனாலும் ஓரங்கட்ட இடம் தேடும் நேரத்தில் எஞ்சினைக் காப்பாற்றும். முள் இறங்காவிட்டால் எஞ்சினை அணைத்துவிட வேண்டியதுதான். ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. பல கார்களின் மூடி 0.9 பார் அழுத்தம்வரை தாங்கி நிற்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 118 டிகிரி தாண்டும்வரை கொதிக்காது. மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போய்விடும். 100 டிகிரிக்கு மேல் இருக்கும் நீர் முழுவதும் ஒரே சமயத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும். ஈரத்துணி போட்டுத் திறந்தும் முழங்கைவரை தோல் உரிந்தவர்கள் உண்டு. அரைமணி நேரத்துக்குக் குறையாமல் ஆறவிட்டு, மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பார்த்து, அது தொளதொளவென்று இருந்தால் மட்டுமே மூடியில் கை வைக்கலாம். சூடான எஞ்சினில் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் அலுமினிய ஹெட் வளையலாம், வெடிக்கலாம்.

ஒர்க்‌ஷாப்புக்கு வந்தபின் தேடலைத் தண்ணீரில் தொடங்க வேண்டும். மின்சார வேலைக்குப் பழகிய கை நேராக ஃபியூஸ் பாக்ஸுக்குத்தான் போகும். அதைக் கட்டுப்படுத்த வேண்டும். சூட்டை அளக்கும் சென்சார் கூலன்ட்டில் முழுகியிருந்தால்தான் சரியாக அளக்கும். கூலன்ட் குறைந்து சென்சார் இருக்கும் இடத்தில் காற்று நின்றுவிட்டால், எஞ்சின் தகித்துக்கொண்டிருக்கும். சென்சாரோ சூடில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும். ரிசர்வ் டப்பாவில் அளவு சரியாக இருக்கிறது என்பதை நம்பிவிடவும் கூடாது. மூடியின் ரப்பர் வாஷர் கெட்டிருந்தால் டப்பா நிறைந்தும் ரேடியேட்டர் காலியாகவும் இருக்கும். ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து கண்ணால் பார்ப்பதே கணக்கு.

தண்ணீரோடு சேர்ந்த இன்னொரு சங்கதி தெர்மோஸ்டாட் வால்வு. ஒரு பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒரே மாதத்தில் இரண்டு ஃபேன் மோட்டார் மாற்றப்பட்ட நிலையில் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. இரண்டுமே புதியவை, இரண்டுமே நல்லவை. பாட்டரியில் நேராகக் கொடுத்தால் சீறிக்கொண்டு சுற்றின. வண்டியை ஓடவிட்டுக் காத்திருந்தபோது முள் சிவப்பை நெருங்கியது, ஃபேன் அசையவில்லை. ரேடியேட்டரின் அடிப்பகுதியில் புறங்கையை வைத்துப் பார்த்தால் குழந்தையைக் குளிப்பாட்டும் வெந்நீர் அளவுக்குக்கூடச் சூடில்லை. அந்த வண்டியில் தெர்மோ சுவிட்ச் இருப்பது அங்கேதான். சுமார் 82 முதல் 88 டிகிரியில் திறக்க வேண்டிய வால்வு துருவேறி மூடியபடியே இறுகிவிட்டதால் எஞ்சினின் வெந்நீர் ரேடியேட்டருக்கே வரவில்லை. சூடு வராத இடத்தில் உட்கார்ந்திருந்த சுவிட்ச் ஃபேனை எப்படி ஓட்டும்? வால்வைக் கழற்றி அடுப்பில் ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டார்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்தும் அது வாயைத் திறக்கவில்லை. சில நூறு ரூபாய் வால்வு. அதற்காக இரண்டு மோட்டாரின் விலை போயிருந்தது.

“நம்ம ஊர் வெயிலுக்கு வால்வே தேவையில்லை” என்று அதைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் தமிழ்நாட்டு ஒர்க்‌ஷாப்புகளில் இன்னும் இருக்கிறது. தவறான பழக்கம். எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமலே ஓடும். பெட்ரோல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். கெட்ட வால்வுக்குப் பதில் நல்ல வால்வைப் போடுவதே சரி.

தண்ணீர் சரி என்று தெரிந்தபின் ஏசியைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கருவியும் வேண்டாத சோதனை இது. பெரும்பாலான கார்களில் ஏசி ஓடும்போது, உடனேயோ கேஸ் அழுத்தம் சற்று ஏறிய பின்னோ, ஃபேன் ஓடியாக வேண்டும். ஒற்றை ஃபேன் உள்ள வண்டியில் ஏசிக்கு ஓடி, சூட்டுக்கு ஓடவில்லையென்றால் மோட்டாரும் எர்த்தும் பெரிய ஃபியூஸும் நல்லபடி இருக்கின்றன. குறை சென்சார் பக்கம். இரண்டுக்குமே ஓடவில்லையென்றால் குறை பொதுப்பாதையில்: ஃபியூஸ், ரிலே, ஒயர், மோட்டார். ஒரு நிமிடத்தில் பாதித் தேடல் முடிந்துவிடுகிறது.

இரண்டு ஃபேன் உள்ள சில வண்டிகளில் ஒரு நுணுக்கம் உண்டு. மெதுவான ஓட்டத்துக்கு இரண்டு மோட்டாரையும் சீரிஸில் கோர்த்திருப்பார்கள். வேகத்துக்குத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுப்பார்கள். சீரிஸில் இருக்கும்போது ஒரு மோட்டாரின் பிரஷ் தேய்ந்தாலும் இரண்டும் நின்றுவிடும். ஒற்றை ஃபேனுக்கு இரண்டு வேகம் உள்ள வண்டியில் மெதுவான வேகம் ஒரு ரெசிஸ்டர் வழியாக வருகிறது. அது எரிந்துபோனால் ஃபேன் வெகுநேரம் சும்மா இருந்து, சூடு மிக ஏறியபின் திடீரென்று பெருஞ்சத்தத்தோடு கிளம்பும். “முன்னெல்லாம் இப்படிச் சத்தம் வராது” என்று உரிமையாளர் சொன்னால் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சென்சார் பக்கம் என்று முடிவானால் வண்டியின் வயதைப் பார்க்க வேண்டும். பழைய வண்டிகளில் இருப்பது தெர்மோ சுவிட்ச். குறிப்பிட்ட சூட்டில், பெரும்பாலும் 90 முதல் 98 டிகிரிக்குள், உள்ளே இருக்கும் தகடு வளைந்து இரண்டு ஒயரையும் சேர்த்துவிடும். கப்ளரைக் கழற்றி அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தால் ஃபேன் ஓட வேண்டும். ஓடினால் சுவிட்ச் போய்விட்டது. சுவிட்சை வெந்நீரில் போட்டுச் சோதிப்பவர்கள் ஊரையும் கணக்கில் எடுக்க வேண்டும். சென்னையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 93 டிகிரிக்கே கொதித்துவிடும். 95 டிகிரிக்கான சுவிட்ச் அங்கே கொதிநீரில் கிடந்தாலும் சேராது. நல்ல சுவிட்சைக் கெட்டது என்று எறிந்துவிட நேரும்.

புதிய வண்டிகளில் இருப்பது சென்சார். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும்: சாதாரண வெப்பத்தில் இரண்டாயிரம் ஓம்ஸுக்கு மேல், 80 டிகிரியில் சுமார் முந்நூறு. அதைப் படித்து இசிஎம் ஃபேனுக்குக் கட்டளை தருகிறது. சுவிட்சுக்குச் செய்வதுபோல இதன் முனைகளை இணைக்கக் கூடாது. இக்னிஷன் ஆனில் இருக்கும்போது கப்ளரைக் கழற்றினால் போதும். சென்சார் காணவில்லை என்று கண்ட இசிஎம், பல வண்டிகளில், பாதுகாப்புக்காக ஃபேனைத் தானே ஓட்டிவிடும். அப்படி ஓடினால் மோட்டார் முதல் இசிஎம்வரை எல்லாம் நலம். பொய் சொன்னது சென்சார். ஸ்கேனர் இருந்தால் பி 0117, பி 0118 என்ற கோடுகள் சென்சாரையும், பி 0480 ஃபேனின் கட்டளைப் பாதையையும் காட்டும். ஆனால் கோடு எதுவும் இல்லாமலே சென்சார் தவறாக அளப்பதுண்டு. ஸ்கேனரில் தெரியும் டிகிரியையும் எஞ்சினில் உள்ள உண்மையான சூட்டையும் ஒப்பிட்டால்தான் அது பிடிபடும். பழைய சில வண்டிகளில் மீட்டர் முள்ளுக்கு ஒரு சென்சார், இசிஎம்முக்கு இன்னொன்று என்று தனித்தனியாக இருக்கும். முள் உண்மையைச் சொல்லும்போதே இசிஎம் வேறு கணக்கில் இருக்கலாம்.

பொதுப்பாதையில் முதலில் ஃபியூஸ். வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது போதாது. மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. இருந்த இடத்திலேயே அதன் தலையில் உள்ள இரண்டு புள்ளிகளிலும் டெஸ்ட் லேம்ப் முனையை வைத்தால் இரண்டிலும் விளக்கு எரிய வேண்டும். ஃபியூஸ் போயிருந்தால் ஒரு காரணம் இருக்கும். புதியதைப் போட்டுவிட்டு அனுப்பிவிட்டால் அது மறுநாள் திரும்பி வரும்.

அடுத்து ரிலே. நான்கு கால்களில் 85, 86 இரண்டும் காயிலுக்கு, 30, 87 இரண்டும் மோட்டாருக்கான கரண்ட்டுக்கு. காயில் இழுப்பது கால் ஆம்பியருக்கும் குறைவு. காண்டாக்ட் வழியே போவது பத்து, இருபது ஆம்பியர். ‘டிக்’ என்ற சத்தம் காயில் வேலை செய்வதற்கு மட்டுமே சாட்சி. காண்டாக்ட் கருகியிருந்தாலும் சத்தம் வரும். பக்கத்தில் ஹாரனுக்கு அதே வகை ரிலே இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் எளிய வழி. ரிலேயைக் கழற்றிவிட்டு 30, 87 துளைகளைத் தடித்த ஒயரால் இணைத்தால் ஃபேன் ஓட வேண்டும். ஓடினால் குறை ரிலேயிலோ கட்டளையிலோ இருக்கிறது. ஓடவில்லையென்றால் மோட்டார் பக்கம் போக வேண்டும்.

இங்கேதான் அனுபவம் அதிகம் தேவைப்படுகிறது. மல்டிமீட்டர் ஏமாற்றும் இடமும் இதுதான். ஒரு வண்டியில் மோட்டார் கப்ளரைக் கழற்றி மீட்டர் வைத்ததில் 12.4 வோல்ட் காட்டியது. கரண்ட் வருகிறது, எர்த்தும் இருக்கிறது, அப்படியானால் மோட்டார்தான் போய்விட்டது என்று எழுதப்பட்டு வண்டி கைமாறி வந்தது. மீட்டர் கிட்டத்தட்ட கரண்ட்டே இழுக்காது. ஒயரில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் அது முழு வோல்ட்டைக் காட்டிவிடும். அதே கப்ளரில் பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றை மாட்டியபோது அது சாமி படத்துக்கு முன் எரியும் ஜீரோ வாட்ஸ் பல்பு மாதிரி செம்மஞ்சளாக மினுங்கியது. மீட்டரில் வோல்ட் பாதிக்கும் கீழே விழுந்தது. எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால் அது பாட்டரித் தட்டுக்கு அடியில் ஒரு போல்ட்டில் முடிந்தது. போல்ட்டின் தலை தெரியவில்லை. பாட்டரி ஆசிட் கசிந்து பொங்கிய வெளிர்பச்சைப் பொடி அதைப் பூவரும்பு போல மூடியிருந்தது. வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, முறுக்கி, மேலே கிரீஸ் தடவியபின் பழைய மோட்டாரே முழு வேகத்தில் ஓடியது. ஃபேன் ஓடும்போது எர்த் ஒயரின் முனைக்கும் பாட்டரி நெகட்டிவுக்கும் இடையே கால் வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. கப்ளர் மாட்டியிருக்கும்போது, சுமையோடு எடுத்த அளவுதான் அளவு.

கப்ளரையும் கையில் எடுத்துப் பார்ப்பது நல்லது. பிளாஸ்டிக் பழுத்து, ஒரு முனை உருகிப்போயிருந்தால் அங்கே லூஸ் காண்டாக்ட் சூடாகியிருக்கிறது. மழைவெள்ளத்தில் நின்ற வண்டியில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். எலி கடித்த ஒயரோ அடுக்குக்குள் மறைந்திருக்கும். எஞ்சின் மேல் புழுக்கையோ சோற்றுப் பருக்கையோ கிடந்தால் ஒயரிங் டேப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மோட்டாரைச் சோதிப்பது கடைசியில்தான். பாட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த இரண்டு ஒயரால் நேராகக் கொடுக்க வேண்டும். ஓடாவிட்டால் மோட்டாரின் முதுகில் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் லேசாகத் தட்டினால், சில சமயம் முனகிவிட்டுக் கிளம்பும். கார்பன் பிரஷ் தேய்ந்து அடியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். தட்டி ஓடிய மோட்டார் அடுத்த சிக்னலில் மறுபடி நிற்கும். அதை நம்பி வண்டியை மலைக்கு அனுப்பக் கூடாது. எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறும் கொல்லிமலைப் பாதையில் வேகமும் இருக்காது, எதிர்க்காற்றும் இருக்காது. எஞ்சின் மட்டும் முழுப் பாரம் இழுக்கும். அங்கே ஃபேன் நின்றால் ஹெட் கேஸ்கட் போய்விடும்.

கையால் சுற்றும்போது இலகுவாகச் சுற்ற வேண்டும். இறுகிய மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்து ஃபியூஸையும் ரிலேயையும் சேர்த்தே எரிக்கும். கை வைப்பதற்கு முன் கப்ளரைக் கழற்றிவிட வேண்டும். பல வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் தானாகக் கிளம்பும். விரல் போன தொழிலாளர்கள் இருக்கிறார்கள்.

சுற்றும் திசையையும் பார்க்க வேண்டும். கப்ளர் மாற்றும்போது ஒயர் இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்து காற்றை இழுக்க வேண்டிய ஃபேன் முன்பக்கம் ஊதும். ஓடுகிற வண்டியில் அது எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டும். ஃபேன் ஓடியும் வண்டி சூடாகும். முன்கிரில் பக்கம் ஒரு செய்தித்தாள் துண்டைக் காட்டினால் அது உள்நோக்கி ஒட்டிக்கொள்ள வேண்டும்.

இப்போதைய சில வண்டிகளில் ஃபேனோடு ஒரு கண்ட்ரோல் மாட்யூல் ஒட்டியே வருகிறது. வேகம் படிப்படியாகக் கூடிக் குறையும். அதில் ஜம்பர் ஒயர் வேலைக்கு இடமில்லை. ஸ்கேனர் வழியாக ஃபேனை ஓடச் சொல்லிப் பார்த்து, மாட்யூலுக்குக் கரண்ட்டும் எர்த்தும் சுமையோடு வருகின்றனவா என்று மட்டும் சோதித்தால் போதும்.

குறுக்குவழிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 30 ஆம்பியர் ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது என்று அந்த இடத்தில் செம்பு இழையைச் சுற்றுவது வண்டிக்குத் தீ வைப்பதற்குச் சமம். இழை எரியாது, அதற்குப் பதில் ஒயரிங் எரியும். டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்து ஃபேனை ஓட்டுநரே போட்டுக்கொள்ளச் செய்வது, ரிலேயும் ஃபியூஸும் சேர்த்துச் செய்தால் ஊர் போய்ச் சேர உதவும். நிரந்தரமாக வைத்தால், போட மறக்கும் ஒருநாளில் எஞ்சின் போய்விடும். எஞ்சின் வேலைக்கு ஆகும் செலவில் எத்தனையோ சென்சார் வாங்கலாம். செலவு தாங்காதவர் சென்னை புதுப்பேட்டையில் செகண்ட்ஸ் மோட்டார் வாங்குவதில் தவறில்லை. கடையிலேயே பாட்டரி கொடுத்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு, சத்தமும் சூடும் பார்த்து வாங்க வேண்டும். பிளேடின் அளவும் திசையும் பழையதோடு பொருந்த வேண்டும்.

பழுது நீங்கியபின் கூலன்ட் நிரப்பி, காற்று வெளியேறும்வரை எஞ்சினை ஓடவிட வேண்டும். பிறகு மூடியைப் போட்டு, ஏசியை அணைத்து, நின்ற இடத்திலேயே காத்திருக்க வேண்டும். கால்மணி நேரம் ஆகலாம், கூடவும் ஆகலாம். அவசரப்பட்டு இந்த நேரத்தை விட்டுவிடக் கூடாது. முள் நடுவைத் தாண்டாமல் ஃபேன் தானாகக் கிளம்பி, தானாக நின்று, மறுபடி ஒருமுறை கிளம்பி நிற்பதைக் கண்ணால் பார்க்காமல் காரை ஒர்க்‌ஷாப்பிலிருந்து எடுத்துச் செல்லாதீர்கள்.